முனுசாமியின் சாவும் ஒரு பி.ஏ. கள அறிக்கையும்

எங்கள் பட்டப்படிப்பை மூடிவிட்டார்கள். மூடியதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். படிப்பு உயிரோடு இருந்த நாளெல்லாம் கரும்பலகைக்குச் சாயம் அடிக்கக் காசில்லாத கல்லூரி, செத்த பிறகு வழவழ காகிதத்தில் மலர் போடுகிறது. அங்கே இப்போது வேலை பார்க்கும் ராதிகா, ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள், போன் செய்தாள். "மேடம், நீங்க எழுதலன்னா யாரு எழுதுவா? மூணு வருஷம் பசங்க என்னதான் படிச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாமலே போயிடும்" என்றாள். போகட்டுமே என்றுதான் தோன்றியது. அந்த ஒரு கேள்விக்கே பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து ஓய்வு பெற்றவள் நான். ஆனால் அவள் விடுகிற ஆளில்லை. எழுதுகிறேன். சுவாரஸ்யமாக இருக்கும் என்று வாக்குத் தர முடியாது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் இருந்த எங்கள் கல்லூரியில் பி.ஏ. சமய ஒப்பியல் என்று ஒரு படிப்பு. இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், பௌத்தம், சமணம், இவை எதிலும் ஒழுங்காக அடங்காத ஊர்ச் சாமிகள் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல அல்ல, எது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரே நிற்கிற தகப்பன் கேட்டுவிடுவார்: "சரி மேடம், இதப் படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?"

உண்மையைச் சொன்னால், எங்களிடம் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பி.காம். கிடைக்காதவர்கள். அலுவலகத்தில் இருப்பவர், "அந்தக் கடைசி ரூம்ல சீட் கீது, போய்க் கேளு" என்று அனுப்பிவிடுவார். பாதிரியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பிய பையன் ஒருவன், வேலை கிடைக்கும்வரை ஏதாவது ஒரு டிகிரி என்று வந்தவர்கள் சிலர், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஓரிருவர். இதுதான் வகுப்பு. மற்றத் துறைக்காரர்கள் எங்களை 'சாமி டிபார்ட்மெண்ட்' என்பார்கள். கல்லூரியில் மற்ற நாளெல்லாம் நாங்கள் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அமைச்சர் யாராவது வருகிறார், சர்வமதப் பிரார்த்தனை வேண்டும் என்றால் மட்டும் ஆள் மேல் ஆள் வரும். குத்துவிளக்கு, மெழுகுவத்தி, ஊதுவத்தி எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துவிட்டு, ஃபேனை அணைக்கச் சொல்லி அலைவது என் வேலை.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. நான் முகப்பேரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கிறேன். பக்கத்து பிளாக்கில் மதுரையிலிருந்து வந்த ஐ.டி. தம்பி ஒருவர். படிக்கட்டில் பார்த்தால், "மேடம், நீங்கதான் எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க. சுருக்கமா சொல்லுங்க, எது பெஸ்ட்?" என்பார். கையில் காய்கறிப் பை கனக்கும். இன்னொரு அம்மா வந்து கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துத் தரச் சொன்னார். நான் ஜோசியக்காரி இல்லை என்றதும் அவருக்கு என் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

நான் இதற்குள் வந்து விழுந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. தத்துவத்தில் எம்.ஏ. முடித்தேன், வேலை இல்லை, இங்கே ஒரு இடம் காலியாக இருந்தது. முதல் இரண்டு வருஷம், நாளைக்கு நடத்த வேண்டியதை இன்றைக்குப் படித்து ஒப்பேற்றினேன். வேலை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டது ஞானசேகரன் சாரிடம்தான்.

அவர் எங்கள் துறைத் தலைவர். ஒல்லியான ஆள். நாற்காலியில் கைக்குட்டையை விரித்து அதன்மேல்தான் உட்காருவார். முதலாமாண்டுப் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தாங்கள் இதை எங்கே பார்த்தீர்கள் என்று அடியேனுக்குச் சொல்ல முடியுமா" என்று ஆரம்பித்தாரானால் அன்றைக்கு அந்தப் பையன் தொலைந்தான். அவர் என்ன மதம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பையன்கள் பந்தயம் கட்டுவார்கள். ஆசிரியர்கள் சொந்த மதத்தை வகுப்பில் சொல்லக் கூடாது என்பது துறையின் பழக்கம். பழக்க தோஷம், நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

அவர் வைத்திருந்த ஒரு நடைமுறையைத்தான் நான் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு வழிபாட்டையோ சடங்கையோ நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை. சொந்த மதத்தை எடுக்கக் கூடாது. போன் எடுக்கக் கூடாது. விருந்தாளி உட்காரும் இடத்தில் உட்கார வேண்டும். கடைசி ஆள் செருப்பு மாட்டும்வரை இருக்க வேண்டும். அங்கே வைத்து எழுதக் கூடாது. வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பிலோ டீக்கடையிலோ உட்கார்ந்து எழுத வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை அல்ல. 'மூடநம்பிக்கை' என்று எழுதினாலும் பென்சிலால் அடிப்பார், 'அற்புதமான' என்று எழுதினாலும் அடிப்பார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கஷ்டமான பகுதி. எழுதியதை அந்த ஆட்களிடமே வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சடங்கில் நின்றவர்கள் கேட்டுவிட்டு 'ஆமாம், இது நாங்கதான்' என்று சொன்னால்தான் அறிக்கை செல்லும். அவர்கள் திருத்தம் சொன்னால், மாணவன் தான் எழுதியதை அழிக்கக் கூடாது. கீழே 'இன்னார் சொன்னது' என்று போட்டுச் சேர்க்க வேண்டும். பார்த்தவன் கண்ணும் இருக்கணும், நின்றவன் வாயும் இருக்கணும் என்பார் சார்.

ஒருமுறை அம்பத்தூர்ப் பையன் ஒருவன் அம்மன் கோயில் திருவிழா பற்றி எழுதி, "பூசாரிக்கு சாமி வந்தது" என்று போட்டிருந்தான். சார் கேட்டார், "சாமி வந்ததை நீங்க பார்த்தீங்களா?" "இல்ல சார், பூசாரி ஆடுனாரு." "அப்ப ஆடினார்னு எழுதுங்க." பையன் மாற்றி எழுதிக்கொண்டுபோய் வாசித்துக் காட்டினான். பூசாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எங்கடா ஆடுனேன்? எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவதான்டா ஆடுனா" என்றார். பையன் அதையும் கீழே எழுதிக்கொண்டு வந்தான். சார் அதைப் படித்துவிட்டு "ம்" என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அந்த 'ம்'. மூன்று வருஷம் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டால், இதைத்தான் சொல்லிக்கொடுத்தோம், ராதிகா. வேறொன்றுமில்லை.

இனி சுகன்யாவின் விஷயம். அவள் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்.

சுகன்யா அண்ணனூர்ப் பெண். அப்பா முனுசாமி, அங்கே மின்ரயில் பணிமனையில் பிட்டர். அம்மா ரோஸி. காதல் கல்யாணம். ரோஸியம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவார். முனுசாமி வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே வண்டி மேலேயே உட்கார்ந்திருப்பார். ஆடி மாசம் திருமழிசையில் தம்பி தனபால் வீட்டுக்குப் போய் மஞ்சள் வேட்டி கட்டிக் கூழ் ஊற்றுவார். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது, ஒரு சச்சரவு இல்லை. "உங்க வீட்ல எந்த மதம்?" என்று யாரோ கேட்டதற்கு, "ஞாயித்துக்கெழமை ஒண்ணு, ஆடி மாசம் ஒண்ணு" என்று சுகன்யா சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசி செமஸ்டரில் முனுசாமி வேலை முடிந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் சுகன்யாவிடமிருந்து போன். அழுகைக்கு நடுவே, "மேடம், சாரையும் கூட்டினு வாங்க. இங்க சண்டை போட்டுனு கீறாங்க" என்றாள்.

நானும் சாரும் ஆட்டோ பிடித்துப் போனோம். தெருவில் ஷாமியானா. ஒரு பக்கம் தனபாலும் அவர் கூட்டிவந்த பறைக்காரர்களும். இன்னொரு பக்கம் கையில் பைபிளோடு பாஸ்டரும் சபைக்காரர்களும். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் முனுசாமி. தனபாலுக்கு அண்ணனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் கொள்ளி வைக்க வேண்டும். சபைக்காரர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் ஏற்பாடு செய்துவிட்டார்கள். மரியாதைக்குரிய ஆள் மாதிரி ஒருவர் வந்து இறங்கவும் எல்லாரும் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், நீங்க எல்லா மதமும் படிச்சவரு. நீங்க சொல்லுங்க. பொதைக்கிறதா, எரிக்கிறதா?" என்றார் தெருக்காரர் ஒருவர்.

"எனக்குத் தெரியாது" என்றார் சார்.

கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாத்துக்கு அப்ப காலேஜுல வாத்தியாரா கீறாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கே சங்கடமாக இருந்தது. ஏதாவது சொல்லிச் சமாதானம் பண்ணியிருக்கலாம். அவர் நேராகப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரோஸியம்மாவிடம் போனார். "அம்மா, நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

அதுவரை அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இதுல எனக்கு மதமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எங்க சபை வழக்கத்துல, நாளைக்கு நான் போனா அதே குழியைத் தோண்டி என்னையும் அவரு மேலயே வெப்பாங்க. அவரை எரிச்சிட்டா நான் எங்க போய் படுப்பேன்?"

அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? புதைப்பது என்று ஆயிற்று. பாஸ்டர் ஒரு நிபந்தனை சொன்னார்: வீட்டில் செய்ய வேண்டியதைத் தம்பி செய்துகொள்ளட்டும், அதுவரை நாங்கள் தெருவில் நிற்கிறோம், ஆனால் கல்லறைத் தோட்டத்துக்குள் பறை, குடம், நெருப்பு எதுவும் வரக் கூடாது. தனபால் மறுக்கவில்லை. அண்ணனைக் குளிப்பாட்டினார், வாய்க்கரிசி போட்டார். தூக்குகிற நேரத்தில்தான் சாரைப் பார்த்து, "படிச்சவரு அந்தாண்ட சாஞ்சிட்டீங்க, பரவால்ல. எங்க அண்ணன் பொண்ணு இனிமே உங்க காலேஜுக்கு வராது" என்றார்.

கல்லறைத் தோட்டம் சின்னது, சுற்றிலும் மதில். தனபால் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. உள்ளே ஜெபம், பாட்டு, மண் போடுதல். எல்லாம் முடிந்து நாங்கள் திரும்பும்போது தனபால் ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ரோஸியம்மா, "தனபாலு, தனபாலு" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். கேட்காத தூரம் இல்லை. அந்த ஆள் திரும்பியே பார்க்கவில்லை. புருஷனைப் புதைத்துவிட்டு நிற்கிற ஒரு பொம்பளை கூப்பிட்டும் திரும்பாத மனுஷன் என்ன மனுஷன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகு அவர் அண்ணனூர்ப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. உறவு அன்றோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ரோஸியம்மா பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பினார். "அவரு ஆசைப்பட்டு சேத்தது, முடிச்சிட்டு வா" என்றாராம். ஆனால் அறிக்கை கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. அவள் சமணர் கோயிலைப் பற்றி எழுதுவதாக இருந்தாள். ஒரு தடவைகூடப் போகவில்லை. ஒரு நாள் காகிதங்களைக் கொண்டுவந்து சாரின் மேஜையில் வைத்தாள். அப்பாவின் அடக்கத்தை எழுதியிருந்தாள்.

"சொந்த மதத்தை எழுதக் கூடாதுங்களே" என்றார் சார்.

"எது சார் என் சொந்த மதம்?" என்றாள். திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

சார் பென்சிலைக் கையில் எடுத்தார். பிறகு உட்கார்ந்து முழுவதையும் படித்தார். ஒரு இடத்திலும் பென்சில் படவில்லை. "சரி, எடுத்துக்கறேன். ஆனா வழக்கம் வழக்கம்தான். அம்மா, பாஸ்டர், உங்க சித்தப்பா, மூணு பேரும் வந்து கேட்கணும். ஒருத்தர் இல்லன்னாலும் இது செல்லாது" என்றார்.

சுகன்யாவின் முகம் செத்துவிட்டது. அவள் வெளியே போனதும் நான் சாரிடம் சண்டைக்குப் போனேன். என் பணிக்காலத்தில் அவரை எதிர்த்துக் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். "அந்த ஆளு வரமாட்டான்னு உங்களுக்கே தெரியும். அப்பாவும் போய், டிகிரியும் போகணுமா அந்தப் பொண்ணுக்கு? ஒரு வழக்கத்துக்காகவா?" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "மேடம், அந்தச் சாவுல நின்னவர் அவர். அவரைக் கேட்காம அதை எழுதிட்டா, அன்னைக்கு அந்தம்மாவைக் கேட்காம தெருவுல கத்தினாங்களே, நாமும் அதையேதான் செய்யறோம்" என்றார். என் கோபம் போகவில்லை.

மறுநாள் நானும் சுகன்யாவும் பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்துத் திருமழிசைக்குப் போனோம். தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. எண்ணெய் நாற்றம், தரையெல்லாம் இரும்புச் சுருள். தனபால் மொட்டைத் தலையோடு மெஷின் முன்னால் நின்றிருந்தார். சுகன்யா, "சித்தப்பா" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எளைச்சிப் போய்ட்டியே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பியதும் முகம் மாறிவிட்டது.

நான் விஷயத்தையும் வாசிக்கிற நாளையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"இன்னா டீச்சரம்மா, எங்க அண்ணன் செத்தது உங்களுக்குப் பரீட்சை பேப்பரா பூட்ச்சா?" என்றார்.

சுகன்யாதான், "நான்தான் சித்தப்பா எழுதுனேன். எனக்கு வேற எதையும் எழுத வரல" என்றாள். தனபால் மெஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியாது. சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவள் அழுதாள். நான் என்ன ஆறுதல் சொல்வது? இரண்டு பேரும் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு வந்து சேர்ந்தோம்.

வாசிக்கிற நாள் வந்தது. துறை அறையில் ரோஸியம்மா ஒரு நாற்காலியிலும் பாஸ்டர் இன்னொன்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலி காலி. சார் ஆரம்பிக்கவில்லை. பாஸ்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு சார் மேல் எரிச்சலாக வந்தது. இத்தனை பேரை உட்காரவைத்து வதைக்கிறாரே, வராத ஆளுக்காக எவ்வளவு நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, வேலைச் சட்டையோடு தனபால் வந்து கதவோரமாக நின்றார். சார் எழுந்து நாற்காலியைக் காட்டினார். "இருக்கட்டும்" என்று அவர் நின்றுகொண்டேயிருந்தார். ரோஸியம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

சுகன்யா வாசித்தாள். கண்ணாடிப் பெட்டி, குளிப்பாட்டியது, வாய்க்கரிசி, தெருவில் சபைக்காரர்கள் காத்து நின்றது, பாட்டு, மண். "சித்தப்பா கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. எல்லாம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது அவர் போய்க்கொண்டிருந்தார். அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் போனார்." அதோடு அறிக்கை முடிந்தது.

சார் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "இது நீங்கதானா? சரியா இருக்குங்களா?"

"சரியா இருக்கு சார். பாட்டு மட்டும் ரெண்டு பாடினோம், பாப்பா ஒண்ணுன்னு எழுதியிருக்கு" என்றார் பாஸ்டர். சுகன்யா குறித்துக்கொண்டாள்.

"சரிதாங்க" என்றார் ரோஸியம்மா.

மிச்சம் இருந்தது தனபால். "நீங்க சொல்லுங்க" என்றார் சார்.

"உள்ள வர்லன்னு எய்திக்கீது. கரெக்டு, நான் வர்ல." தலையைத் தடவிக்கொண்டார். "ஆனா சும்மா பூட்டேன்ற மாதிரி கீதே சார், அது அப்பிடி இல்ல."

"எப்படின்னு சொல்லுங்க."

"கொடம் ஆட்டோல இருந்திச்சி. உள்ள எட்த்துனு வரக்கூடாதுன்ட்டாரு பாஸ்டரு. சரி, அவுங்க எடம், அவுங்க சட்டம். ஆனா எங்க அண்ணனுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. நான்தான கொடம் தூக்கணும்? அவன சுத்தி வர முடில. அதான் செவுத்த சுத்துனேன்."

"எந்தச் செவுத்த?" என்றார் ரோஸியம்மா. அப்போதுதான் முதல் தடவையாக அவரைப் பார்த்தார்.

"காம்பவுண்டு செவுரு அண்ணி. நீங்கல்லாம் உள்ள பாடிக்கினு இருந்தீங்க. நான் கொடத்தத் தோள்ல வச்சிக்கினு வெளியாலயே சுத்தி வந்தேன். என் மச்சான் பின்னாலயே வந்து ஒவ்வொரு சுத்துக்கும் கொடத்துல ஓட்ட போட்டான். பின்பக்கம் வழியே இல்ல. முள்ளும் சாக்கடையுமா கெடக்குது. செருப்பு போடக் கூடாதே."

சார் தன் வேலையை விடவில்லை. மெல்லக் கேட்டார், "எத்தனை சுத்து?"

"மூணு சார். ஒண்ணுகூட கொறைக்கல."

"குடத்தை எங்க உடைச்சீங்க?"

"ரோட்டோரமா. முதுகு காட்டி நின்னு பின்னால வுட்டேன். அப்பத்தான் அண்ணி கூப்ட்டது. ரெண்டு தபாவும் காதுல உழுந்துது." அவர் சார் பக்கம் திரும்பினார். "கொடம் ஒடச்சவன் திரும்பிப் பாக்கலாமா சார்? பாத்தா அண்ணன் எப்பிடிப் போவான்? பல்லக் கட்ச்சிக்கினு போனேன். இதெல்லாம் காலேஜுல சொல்லித் தர மாட்டீங்களா?"

சொல்லித் தருகிறோம். இரண்டாம் ஆண்டில் ஈமச் சடங்குகள் என்று ஒரு பாடமே உண்டு. குடம் உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அதில் வரும். நடத்தியது நான். படித்தவள் சுகன்யா. அவர் போவதை நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்புறம் ஏம்ப்பா வூட்டுப் பக்கமே வர்ல?" என்றார் ரோஸியம்மா.

"நீங்க கூப்டலியே அண்ணி."

"நீ மூஞ்சத் திருப்பினு போய்ட்டன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்ப்பா."

பாஸ்டர் எழுந்து வந்து தனபாலின் தோளில் கை வைத்தார். சுகன்யா பேனாவை எடுத்து அந்தக் கடைசி வரியை அடிக்கப் போனாள். சார் கையை நீட்டித் தடுத்தார். "அடிக்காதீங்க. நீங்க பார்த்தது அதுதான், இருக்கட்டும். கீழே, தனபால் சொன்னதுன்னு போட்டு எழுதுங்க. எழுதி முடிச்சா அறிக்கை செல்லும்."

அவள் எழுதினாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினாள். தனபால் கிட்டே வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு சுத்துன்னு எய்துனியா?"

"எழுதிட்டேன் சித்தப்பா."

"முள்ளு?"

"அதுவும் எழுதிட்டேன்."

ரோஸியம்மா குனிந்து அவர் காலைப் பார்த்தார்.